முன்வரிசையில் அசைந்த தலை

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஒரு மாமனாரின் இரண்டாவது தாடையை எடுத்தேன். மதியம் ஒரு மாமியாரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை வெளுத்தேன். சாயங்காலம் பெண் வீட்டார் வந்து, தாடை இல்லாமல் எங்கள் அப்பாவை அடையாளமே தெரியவில்லை, திரும்ப வைத்துவிடுங்கள் என்றார்கள். வைத்தேன். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன் பார்க்கிற வேலை இது.

குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். ஆனால் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. படத்தில் எந்த இடத்தை மட்டும் மாற்ற வேண்டுமோ அதைச் சுற்றி மவுஸால் ஒரு கோடு இழுத்தால் போதும். கோடு புள்ளி புள்ளியாக ஓடத் தொடங்கிவிடும். அதற்கு உள்ளே நான் வைத்ததுதான் சட்டம். வெளுக்கலாம், கறுக்கலாம், தெளிவாக்கலாம், கலைக்கலாம். கோட்டுக்கு வெளியே ஒரு தூசி நகராது. அத்தனை வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியும் இப்படி ஓர் அதிகாரத்தை எவனும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஸ்டூடியோக்காரர் என்னைவிட ரொம்பச் சின்னவர். வாய் நிறைய 'சார்' என்பார். அந்த சாருக்கு அவர் போட்டிருக்கும் நாற்காலியில் ஒரு சக்கரம் இல்லை. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டது. ஒன்பது வருடமாக எந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காகச் சுற்றிக்கொண்டு போகிறேனோ, அந்தத் தெருவில் இருக்கிற கல்லூரி இன்று என் திரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் குழுப் படம். ஸ்டூடியோக்காரர் போன வாரம் அங்கே போய் எடுத்து வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லீவு போட்டிருப்பேன்.

முன்வரிசை நடுவில் முதல்வர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தலையாட்டி.

என்றோ ஒருநாள் இதை நானே படித்துப் பார்த்து, யார் இந்தத் தலையாட்டி என்று மறந்துபோய் நிற்கக்கூடாது. அதனால் எழுதுகிறேன். மறக்கிற ஆள் நான் இல்லை, இருந்தாலும்.

முதல்வர் அறை, நீள மேசை. நான் வகுப்பில் மாணவர்களைக் கேவலமாகப் பேசுகிறேன் என்று ஒரு புகார். முதல்வர் அவனைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க பக்கத்து வகுப்புலதானே இருக்கீங்க. இது உண்மையா?" அவன் எனக்குப் படிக்கிற காலத்திலிருந்து நண்பன். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு. அப்படிப்பட்டவன் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினான். நான் அன்று மாலையே ராஜினாமாவை எழுதி நீட்டினேன். எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் நாற்காலி அவனுக்குப் போனது. அந்த நாற்காலிக்கு எல்லாச் சக்கரமும் இருந்திருக்கும்.

கிளம்பும்போது ஆசிரியர் ஓய்வறையில் எல்லார் காதிலும் விழும்படி அவனுக்கு ஒரு பேர் வைத்துவிட்டு வந்தேன். தலையாட்டி. சாயங்காலத்துக்குள் மாணவர்கள் வரை போய்விட்டதாகக் கேள்வி. என் ஆராய்ச்சிக் கட்டுரையைக்கூட ஊர் இவ்வளவு வேகமாக எடுத்துக்கொண்டதில்லை.

படத்தில் அத்தனை பேர் முகமும் தெளிவாக இருக்கிறது. அவன் முகம் மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. படம் எடுக்கிறவர் "ரெடியா?" என்று கேட்டிருப்பார். ஆட்டியிருப்பான். கேமராவுக்கும் ஆமாம் போடுகிற ஜென்மம்.

மார்ச் 6, வியாழன்

முகத்தில் கரி பூசுவது என்று சும்மா சொல்வார்கள். அதற்கென்றே கருவி வைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

இன்று அவன் தலையைச் சுற்றி மிக அழகாக ஒரு கோடு போட்டேன். காது மடல் வரைக்கும் வளைந்து போகிற கோடு. ஓரத்தைப் பிசிறில்லாமல் மெதுவாக்கினேன். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு கட்டும்போதுகூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. திட்டம் எளிது. முகத்தை ஒரு படி இருட்டாக்குவது, அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியக்கூடாது. 'என்னமோ இந்த ஆள் களையா இல்லையே' என்று தோன்ற வேண்டும். வருடா வருடம், சுவரில் மாட்டி, நிரந்தரமாக.

எவ்வளவு இருட்டு என்கிற எண்ணை அடிக்கப்போன நேரம் பார்த்து மின்சாரம் போனது. மேசைக்குக் கீழே யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. அவசர அவசரமாக எண்ணை அடித்து, சேமித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது விசில் அடித்தேனாம். எதிர்வீட்டுக்காரர் மனைவியிடம் விசாரித்திருக்கிறார், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று.

மார்ச் 7, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

கல்யாணப் படங்களில் எனக்கு ஒரு வழக்கம். மணமக்களைச் சுற்றிக் கோடு போடுவேன். பிறகு தேர்வை அப்படியே தலைகீழாக்குவேன். அதாவது கோட்டுக்குள் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், வெளியே இருக்கும் கூட்டம் முழுக்கத் தேர்வாகும். அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினால் மணமக்கள் பளிச்சென்று தெரிவார்கள். நாள் முழுக்க இதே வேலை. கோடு போட்டு முடித்ததும் என் விரல் தானாகப் போய் கீபோர்டில் அந்தச் சாவியை அழுத்திவிடும், மூளையைக் கேட்காது.

நேற்றும் கேட்கவில்லை.

முதல்வர், துணை முதல்வர், மூன்று வரிசைப் பேராசிரியர்கள், பின்னால் நிற்கிற கல்லூரிக் கட்டடம், மரங்கள், வானம் எல்லாம் மழைக்கு இருட்டினதுபோல் இருக்கிறது. நடுவில் தலையாட்டி மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன்போல ஜொலிக்கிறான். அவனுக்குக் கரி பூசப்போய் கல்லூரிக்கே பூசியிருக்கிறேன்.

நான் போவதற்கு முன்பே ஸ்டூடியோக்காரர் படத்தை முதல்வருக்கு அனுப்பிவிட்டார். முதல்வர் ஃபோனில் உருகிவிட்டாராம். "ஓய்வுல போறவரை இப்படித் தனியா எடுத்துக்காட்டணும்னு உங்க ஆளுக்குத் தோணியிருக்கே, என்ன ரசனை!" ஸ்டூடியோக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலியைப் பற்றி அப்போதும் பேசவில்லை.

ஓய்வா? அவனுக்கும் என் வயதுதானே.

மார்ச் 8, சனி

மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். சிரித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மார்ச் 10, திங்கள்

இன்னும் இருக்கிறது.

தலையாட்டி விருப்ப ஓய்வில் போகிறானாம். வழியனுப்பு விழா 28ஆம் தேதி. துறைச் சுவரில் மாட்ட அவனுடைய முகம் மட்டும் பெரிதாக, கதவு அகலத்துக்கு ஒரு படம் வேண்டுமாம். அதை அந்த 'ரசனை உள்ள ஆள்'தான் செய்ய வேண்டும் என்று முதல்வரே சொல்லியிருக்கிறார். என் குழியை நான் அளவெடுத்து வெட்டியிருக்கிறேன்.

ஸ்டூடியோக்காரர் அன்றைக்கு அவனைத் தனியாகவும் உட்காரவைத்து வரிசையாகப் படம் எடுத்திருக்கிறார். ஒன்றுகூட உருப்படியில்லை, எல்லாம் அசைந்த முகம். இன்னொரு முறை வந்து உட்காரச் சொன்னால் மறுத்துவிட்டானாம். "ஒரு படத்துலயாவது நான் ஆடாம இருக்கணும். முடிஞ்சா பாருங்க, இல்லைன்னா விட்டுடுங்க" என்றானாம்.

அதையும் ஆட்டிக்கொண்டேதான் சொல்லியிருப்பான்.

மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்டூடியோக்காரர் குரலைத் தாழ்த்தினார். இந்தப் படம் நன்றாக வந்தால் கல்லூரியின் மொத்த வேலையும் இனி நமக்குத்தான், வராவிட்டால் இங்கே ஒருத்தருக்கு வேலை இருக்காது. "கடை என்னுது, நான் இருப்பேன் சார்."

மார்ச் 11, செவ்வாய்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

அசைந்த முகத்தைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஒரு படத்தில் கண் நன்றாக விழுந்திருக்கும், இன்னொன்றில் வாய். எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தோள் தோளோடு பொருந்தும்படி நகர்த்தி, ஒவ்வொன்றிலும் நல்ல பகுதியை மட்டும் கோடு போட்டு எடுத்து ஒட்ட வேண்டும். குழந்தைகள் படத்துக்கு அடிக்கடி செய்வேன். அம்மா கொட்டாவி விட்டாலும் செய்வேன்.

அடுக்கினேன். மேலே இருப்பதை மறைத்துக் கீழே இருப்பதைப் பார்த்தேன், அதை மறைத்து அடுத்ததை. வேகமாக மாற்றி மாற்றிப் பார்க்கும்போது படம் ஓடுவதுபோல் இருந்தது. தோள் அசையவில்லை. மேசைமேல் வைத்த கை அசையவில்லை. சட்டைக் காலரில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நேராக உட்கார்ந்திருக்கிறான். தலை மட்டும் ஆடுகிறது. எல்லாப் படத்திலும்.

கண்ணாடி ஃபிரேமை நன்றாகப் பெரிதாக்கினேன். ஆமாம் என்று ஆட்டியிருந்தால் ஃபிரேமின் விளிம்பு மேலும் கீழும் இழுபட்டிருக்க வேண்டும். இது பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

இவன் யாருக்கும் ஆமாம் போடவில்லை. இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருக்கிறது தலை. அவன் அதை நிறுத்தப் பார்க்கிறான். தாடைக்குக் கீழே நரம்பு புடைத்திருக்கிறது.

இது பழக்கமில்லை. நோய்.

கணினியை மூடவில்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டூடியோ வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 12, புதன்

மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கேட்டேன், தலை பக்கவாட்டில் ஆடுவது என்ன வியாதி என்று. யாருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. "அண்ணனுக்கா?" என்றாள்.

ரொம்ப நாளாகத் தெரியுமாம். அவனும் அவன் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வருவார்களாம். ரத்தம் எடுத்ததே இவள்தானாம். உயிருக்கு ஆபத்தில்லை, குறைக்கலாம், முழுக்க நிற்காது. வகுப்பில் பையன்கள் பின்னால் உட்கார்ந்து அவனைப்போலவே ஆட்டிக் காட்டுவார்களாம். அதனால்தான் விருப்ப ஓய்வு.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்தப் பேரை இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானா?"

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் பரிமாறவே இல்லை என்றாள்.

மார்ச் 13, வியாழன்

அப்படியானால் அன்றைக்கு? முதல்வர் அறையில்?

மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? நான் மேசையின் இந்தக் கோடியில் இருந்தேன், அவன் அந்தக் கோடியில். நடுவில் ஒரு தண்ணீர் ஜாடி. ஆட்டினான் என்று தெரியும். எப்படி ஆட்டினான்? ஒன்பது வருடமாக அந்தக் காட்சியைத் தினமும் பார்க்கிறேன், இந்த ஒரு விஷயம் மட்டும் தெளிவாக விழவில்லை.

கண்ணாடி முன் நின்று இரண்டு விதமாகவும் ஆட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி, தூரத்தில் இருந்து பார்த்தால் எப்படி. மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே யார்கிட்ட பேசறீங்க என்றாள். பேசவில்லை, ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

அன்று ஆரம்பித்த நோயாகவும் இருக்கலாம் இல்லையா. இருக்கலாம். அப்படியானால் நான் வைத்த பேர்...

போதும்.

மார்ச் 15, சனி

இடது கண் நான்காவது படத்திலிருந்து. வலது கண் கடைசிப் படத்திலிருந்து. மூக்கு எந்தப் படத்திலும் கிடைக்கவில்லை. இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்கினேன். மூக்கு அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் கோணல். படிக்கிற காலத்தில் விடுதி மாடிப்படியில் விழுந்து உடைத்துக்கொண்டான், தூக்கிக்கொண்டு ஓடியது நான். நேராக்கிவிடலாம்தான், ஒரு நிமிட வேலை. நேராக்கவில்லை. அது என் கண்ணெதிரே ஆன கோணல்.

நெற்றிச் சுருக்கத்தையும் விட்டுவிட்டேன். கழுத்து நரம்பை மட்டும் தணித்தேன்.

ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்து, "பேச்சே இல்லையே சார், உடம்பு சரியில்லையா?" என்றார். நான் விசில் அடித்தாலும் உடம்பு சரியில்லை, அடிக்காவிட்டாலும் சரியில்லை.

மார்ச் 17, திங்கள்

முடிந்தது. முகம் ஆடாமல் என்னைப் பார்க்கிறது. நாளை அவன் பார்க்க வருகிறானாம், அவனுக்குத் திருப்தி என்றால்தான் பிரிண்ட்.

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். 'அன்னைக்கு நீ ஆட்டலை, தானா ஆடியிருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.' ரொம்பப் பெருந்தன்மையாக வருகிறது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது முறை இன்னும் பெருந்தன்மையாக.

மார்ச் 18, செவ்வாய்

வந்தான். முடி பாதி போய்விட்டது. இதில் என் பங்கு எதுவும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். ஸ்டூடியோக்காரர் அறிமுகம் செய்துவைக்க வாயெடுத்ததும், "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டான். உத்தரவு போட இன்னும் வருகிறது அவனுக்கு.

"நீதான்னு குழுப் படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. என்னைக் கறுப்பாக்கப் பார்த்து எங்கேயோ தப்பாயிடுச்சு, அப்படித்தானே?"

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலை இல்லை இல்லை என்று ஆடியது. பிடிக்கலையா என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குடா. இது சும்மா ஆடும், கண்டுக்காதே." பிறகு சிரித்தான். "பேர் நீ வச்சே. தலையும் ஆடுது. பேருக்கு ஒரு நியாயம் வேணும்ல. அதுவும் தப்பான பக்கமா ஆடுது. மேனேஜ்மென்ட் என்ன சொன்னாலும் நான் இல்லைங்கறேன்னு நினைச்சுக்கறாங்க. உனக்கு நடக்க வேண்டியதெல்லாம் இப்ப எனக்கு நடக்குது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. விழுங்கிவிட்டேன். அப்புறம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். தடுமாறாமல், முழுதாக. அன்னைக்கும் இதுதான் காரணம்னு இப்பத்தான் புரியுது என்று.

அவன் ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நான் நம்பத் தயாராக, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்லடா. அது ஆட்டினதுதான்" என்றான். "மேலயும் கீழயும். நல்லாவே ஆட்டினேன். இந்த வியாதி வந்து நாலு வருஷம்தான் ஆகுது."

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அவர் கேட்டது உண்மைதானே. இந்த பெஞ்சுக்காவது நாலு கால் இருக்கு, உங்களுக்கு என்னடா இருக்குன்னு நீ கேக்கிறது சுவத்துக்கு இந்தப் பக்கம் தினம் கேக்கும். ஆனா மிச்சத்தையும் சொல்லியிருக்கணும். இவனை மாதிரி பாடம் நடத்த இந்தக் கட்டடத்துல ஆள் கிடையாதுன்னு. உன் பாடம் கேக்கிறதுக்காகவே என் வகுப்பைச் சும்மா விட்டுட்டு உக்காந்திருக்கேன். அதைச் சொல்ல வாயைத் திறக்கணும். நான் தலையோட நிறுத்திக்கிட்டேன்."

எழுந்தான். படம் நன்றாக இருக்கிறது, நீ என்ன செய்தாலும் சரி என்றான். போய்விட்டான்.

மார்ச் 19, புதன்

யார் கேட்டா? உன்னை யாருடா கேட்டா? நானே ஒரு காரணம் கண்டுபிடிச்சு, தட்டுல வச்சு நீட்டறேன். எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே. அப்படி என்ன உண்மை வேண்டிக்கிடக்கு இவனுக்கு? ஒன்பது வருஷம் சும்மா இருந்துட்டு? இப்ப வந்து மேலயும் கீழயும்னு விளக்கம் வேற!

பெஞ்சு என்று நான் சொல்லவில்லை. நாற்காலி என்றுதான் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

படத்தைத் திறந்தேன். தலையைச் சுற்றிக் கோடு போட்டேன். விரல் பழக்கத்துக்குத் தலைகீழாக்கும் சாவிக்குப் போனது. தடுத்து நிறுத்தினேன். இன்று தேர்வு சரியாக இருந்தது, மின்சாரமும் இருந்தது. முகத்தை ஒரு படி இருட்டாக்கினேன். அப்புறம் இன்னொரு படி.

இதற்குத்தான் ஆசைப்பட்டேன். துறைச் சுவரில், கதவு அகலத்துக்கு.

பார்க்க நன்றாக இல்லை. பழி தீர்த்தது நன்றாக இல்லை என்று சொல்லவில்லை, வேலை நன்றாக இல்லை. இத்தனை நாள் கண்ணும் மூக்கும் தேடித் தேடிச் சேர்த்த முகம் ஊறப்போட்ட துணிபோல ஆகிவிட்டது. சேமிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் எப்போது என்றார். பார்க்கலாம் என்றேன். அவர் முகமும் ஒரு படி இருட்டானது.

மார்ச் 22, சனி

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்றேன்.

"முடிஞ்சிருக்கும். வியாதிக்காரன்னு பாவம் பார்த்திருப்பீங்க. அப்புறம் அவரை மறந்திருப்பீங்க" என்றாள். "அவர் பாவம் பார்க்கச் சொல்லி வரலை. சண்டை போட வந்திருக்கார். உங்களுக்கும் சண்டை போட வேற ஆள் இருக்கிற மாதிரி தெரியலை."

எதிர்வீட்டுக்காரர் இருக்கிறார் என்றேன்.

"அவருக்கு உங்க சண்டை புரியாதுங்க" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

இருட்டாக்கினதைத் திரும்ப எடுத்துவிட்டேன். பிரிண்டுக்குக் கொடுத்தாயிற்று. மூக்கு கோணலாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

விளக்குப் பிடிக்க ஆள் இல்லை என்று ஸ்டூடியோக்காரர் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பொய். எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்.

அந்தத் தெரு. அந்த வாசல். முதல்வருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, என்ன முகபாவம் வைப்பது என்றுதான் தெரியவில்லை. படத்தின் திரையை விலக்கினார்கள். கைதட்டினார்கள். அவன் மனைவி கிட்டே போய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, விழாவுக்கு வந்திருந்த என் மனைவியிடம் சொன்னாளாம்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்கு எனக்கு ஆடுற படமே போதும்."

அவன் பேச எழுந்தான். பின்வரிசையில் இரண்டு பையன்கள் தலையை ஆட்டிக் காட்டினார்கள். சும்மா இருந்திருக்கலாம். விளக்கைத் திருப்பி அவர்கள் முகத்தில் அடித்தேன். "அங்க உக்காந்திருக்கிற ரெண்டு பேரும் எழுந்திருங்க. நாற்காலிக்கு மரியாதை கொடுத்து எழுந்திருங்க" என்று என் குரல் கேட்டது. ஒன்பது வருடத்துக்கு அப்புறமும் அந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்தார்கள்.

அவன் மைக்கில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், இப்படிச் சொன்னான்: "நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது. பாதியைத்தான் ஆட்டினேன். இவன் பசங்களைத் திட்டுவான், அது உண்மை. இவனை மாதிரி பாடம் நடத்த இங்க ஆள் கிடையாது. அதுவும் உண்மை."

முதல்வர் தண்ணீர் குடித்தார். நான் விளக்கை அணைத்துவிட்டேன். என் முகத்தை எவனும் படம் எடுக்கக்கூடாது.

மார்ச் 30, ஞாயிறு

நண்பன் வந்திருந்தான். வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலி. பெஞ்சா, நாற்காலியா என்று ஆரம்பித்தோம். நான் நாற்காலி என்றுதான் சொன்னேன். அவன் பெஞ்சு என்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்குத்தான் சரியாகக் கேட்டதாம். குரல் உயர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பேரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பழகிவிட்டது, புதுசா ஒண்ணு வச்சா அந்த வியாதியும் வந்து சேரும் என்றான்.

பேச்சில் டீ ஆறிப்போனது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னொரு தடவை போடட்டுமாண்ணா என்றாள். அவன் வாய் போடும்மா என்றது. தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.

அவள் என்னைப் பார்த்தாள். போடு என்று தலையை ஆட்டினேன். மேலும் கீழும், நன்றாகவே.